வசந்தகாலக் குளிரில் சாலைப் பந்தயப் பயிற்சி: ஃபிளாண்டர்ஸ் சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் மார்ச் மாதம் பிறந்ததும் சாலை சைக்கிள் பந்தயப் பருவம் முழுவீச்சில் தொடங்கிவிடுகிறது. ஆனால் குளிர்காலம் அதற்குள் விடைபெற்றிருப்பதில்லை. காலையில் உறைபனி, பத்து மணிக்கு வெயில், நண்பகலில் ஆலங்கட்டி மழை, பிற்பகலில் எலும்பைத் துளைக்கும் வாடைக் காற்று என ஒரே நாளுக்குள் எல்லாப் பருவங்களும் வந்துபோகும். ‘ஏப்ரல் தான் நினைத்ததையே செய்யும்’ என்று இங்குள்ளவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். வார இறுதிகளில் ஊர்த் திருவிழாவை ஒட்டி நடக்கும் கெர்மிஸ் பந்தயங்களில் இறங்குகிறவர்கள், இந்த வானிலைக்கு நடுவில்தான் உடலை உச்ச நிலைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

1. குளிர் முதலில் எங்கே தாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் கால்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கால்கள் ஓயாமல் வேலை செய்வதால் தமக்குத் தேவையான சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. குளிரில் முதலில் தோற்பவை கைவிரல்களே. உடலின் மையப் பகுதி குளிரத் தொடங்கியதும், இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக உடல் தோலுக்கும் விரல்களுக்கும் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது, விரல்கள் விறைக்கின்றன. விறைத்த விரலால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது, கியரைத் துல்லியமாக மாற்ற முடியாது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெர்சியின் (பந்தய மேற்சட்டையின்) முதுகுப் பக்கப் பையிலிருந்து உணவை எடுத்துப் பிரித்து உண்ண முடியாது. உணவு நின்றால் தசைகளின் எரிபொருள் குறையும். எரிபொருள் குறைந்தால் உடல் சூட்டை உண்டாக்கும் திறனும் குறையும். அதனால் விரல்கள் இன்னும் விறைக்கும். வசந்தகாலப் பந்தயங்களில் பாதியிலேயே வண்டியை நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சுழலில் சிக்கியவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

1980 ஏப்ரலில் நடந்த லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தில் தொடக்கத்திலேயே பனி கொட்டியது. 174 பேர் புறப்பட்டு 21 பேர் மட்டுமே முடித்தார்கள். பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ ஏறக்குறைய 80 கி.மீ. மீதமிருக்கையில் தனியாகப் பிரிந்து, 9 நிமிடங்களுக்கும் மேலான இடைவெளியில் வென்றார். அந்த வெற்றிக்குப் பிறகும் அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் குளிரைத் தாங்க முடியாதவையாகவே இருந்துவிட்டன. வீரத்தின் கதையாக இது காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. பயிற்சி பெறுகிறவர் அந்த விரல்களையும் சேர்த்து நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்தப் பருவம் முழுவதும் ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, பாதுகாப்பான நேரான சாலையில், ஒரு கையின் கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். எளிதாகத் தொட முடிந்தால் திட்டப்படி தொடரலாம். தடுமாறினால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும்: மார்புக்குக் காற்றுத் தடுப்பு மேலங்கியை அணிவது, உண்பது, காற்று மறைவான சாலைக்குத் திரும்புவது. விரலைச் சூடாக்க வேண்டுமானால் முதலில் உடலின் நடுப்பகுதியைச் சூடாக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். எவ்வளவு தடித்த கையுறையும், மார்பு நனைந்து குளிர்ந்திருக்கையில் உதவாது.

2. நாளைத் திட்டமிடாமல் வாரத்தைத் திட்டமிடுங்கள்

‘செவ்வாய் ஏற்றம், வியாழன் வேகம், ஞாயிறு நெடுந்தூரம்’ என்று கல்வெட்டுப் போல் எழுதி வைத்த அட்டவணை மார்ச் மாதத்தில் மூன்று வாரம்கூட நிலைக்காது. அதற்குப் பதிலாக, வாரத்தில் கட்டாயம் முடிக்க வேண்டிய மூன்று பயிற்சிகளை மட்டும் வரையறுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று, உங்களால் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச ஆற்றலை ஒட்டிய நீண்ட முயற்சிகள், இரண்டு, அதற்கு மேலான தீவிரத்தில் குறுகிய முயற்சிகள், மூன்று, நான்கு மணி நேரத்துக்குக் குறையாத நெடும் பயணம். மற்ற நாட்கள் எளிதான ஓட்டத்துக்கும் ஓய்வுக்கும் உரியவை. ஞாயிறு இரவில் அடுத்த மூன்று நாட்களின் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து முதல் இரண்டையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். புதன் இரவில் மீண்டும் பார்த்து மூன்றாவதை வையுங்கள். மூன்று நாட்களுக்கு அப்பாலுள்ள முன்னறிவிப்பை இந்தப் பருவத்தில் நான் நம்புவதில்லை.

எந்தப் பயிற்சியை வீட்டுக்குள் செய்யலாம், எதை வெளியில்தான் செய்தாக வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். எட்டு நிமிட முயற்சிகள் நான்கு, அல்லது இருபது நிமிட முயற்சிகள் இரண்டு போன்றவற்றை டர்போ ட்ரெய்னரில் (வண்டியைப் பொருத்தி வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் கருவியில்) முழுப் பலனுடன் செய்யலாம். சாலையை விடத் துல்லியமாகவும் செய்யலாம். கென்ட் நகரில் பிளார்மீர்சன் பூங்காவை ஒட்டி, பெல்ஜியத்தின் புகழ்பெற்ற சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் பெயரில் 250 மீட்டர் உள்ளரங்கத் தடம் இருக்கிறது. அதில் ஓட்டும் வாய்ப்புள்ளவர்கள் வேகப் பயிற்சியை அங்கே மாற்றிக்கொள்ளலாம். நெடும் பயணத்துக்கு மாற்று இல்லை. ஈரமான கருங்கல் பாவிய சாலையில் வண்டியைக் கையாள்வதும், பக்கக்காற்றில் கூட்டத்துக்குள் இடம் பிடிப்பதும், மூன்றாவது மணி நேரத்தில் நனைந்த கையுறையோடு உண்பதும் வீட்டுக் கூரையின் கீழ் கற்றுக்கொள்ள முடியாதவை.

என்னுடைய எல்லைக்கோடுகளைச் சொல்கிறேன். உங்கள் உடலுக்கேற்ப அவற்றைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம். வெப்பநிலை 3 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்து, முந்தைய இரவில் மழையும் பெய்திருந்தால் வெளியே செல்வதில்லை. நிழல் விழும் சாலைகளிலும் பாலங்களிலும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். 3 முதல் 8 டிகிரிக்குள் மழையும் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செல்வதில்லை. 5 டிகிரியாக இருந்தும் சாலை உலர்ந்திருந்தால் நெடும் பயணமே செல்லலாம். நீர் காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திச் செல்லும். ஆகவே வெப்பமானி காட்டும் எண்ணை விட நனைவோமா என்ற கேள்வியே பெரியது.

3. புறப்படும் முன் காற்றையும் வழியையும் படியுங்கள்

மழைக்கு ரேடார் படம் பார்ப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு அது நம்பகமானது. காற்றைத்தான் பலர் சரியாகப் படிப்பதில்லை. அமைதியான காற்றில் 5 டிகிரி வெப்பநிலையில் நீங்கள் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் சென்றால், உங்கள் தோல் உணர்வது ஏறக்குறைய 0 டிகிரி. இறக்கத்தில் 60 கி.மீ. வேகம் எட்டினால் அது -2 டிகிரியை நெருங்கும். நனைந்திருந்தால் அதனினும் கடுமை. எனவே பயணத்தின் முதல் பாதியில் எதிர்காற்றும், வீடு திரும்புகையில் பின்காற்றும் அமையும்படி வழியைத் தேர்ந்தெடுங்கள். வியர்வையில் நனைந்து களைத்த உடலோடு கடைசி ஒரு மணி நேரம் எதிர்காற்றில் திரும்பி வருவதே குளிர்ப் பயிற்சியில் நேரும் மிகப் பொதுவான பிழை. கென்ட்டிலிருந்து ஓடனார்டா நோக்கி ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் செல்லும் பாதை அழகானது, ஊர்தித் தொல்லை இல்லாதது. ஆனால் மறைவே இல்லாதது. தென்மேற்குக் காற்று வீசும் நாளில் போகும்போது மூச்சு முட்டும், திரும்பும்போது பறக்கலாம். வடகிழக்கு வாடை வீசும் நாளில் இது தலைகீழாகும். அன்று வேறு வழியைத் தேடுங்கள்.

மழை உறுதியென்றால் நெடுந்தொலைவு செல்லாமல், வீட்டை மையமாக வைத்து 25 கி.மீ. சுற்று ஒன்றை அமைத்துக்கொண்டு அதையே மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உலர்ந்த கையுறை உங்கள் வாசலில் காத்திருக்கும்.

4. உடை: தடிப்பை விட அடுக்கு முக்கியம்

உடலை ஒட்டி, வியர்வையை வெளியே தள்ளும் மெல்லிய உள்ளாடை. மெரினோ கம்பளியானால் நனைந்த பிறகும் சூடு காக்கும். அதன்மேல் ஜெர்சி, கைக்குத் தனி உறை, முழங்காலுக்குத் தனி உறை, எல்லாவற்றுக்கும் மேலே பைக்குள் மடித்து வைக்கக்கூடிய காற்றுத் தடுப்பு மேலங்கி. கழற்றவும் மாட்டவும் இயலும் அடுக்குகளே இந்த வானிலைக்கு ஏற்றவை. ஒரே தடித்த குளிர்கால அங்கி, ஏற்றத்தில் உங்களை வியர்வையில் ஊற வைத்து, இறக்கத்தில் உறைய வைத்துவிடும். வாசலை விட்டு இறங்கும்போது சற்றே குளிர வேண்டும். முதல் பத்து நிமிடங்களிலேயே இதமாக இருந்தால் நீங்கள் அணிந்திருப்பது அதிகம்.

வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை முழங்காலை மூடுங்கள். மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. மேல்தோலை ஒட்டி இருப்பதால் காற்று அவற்றை நேரடியாகத் தாக்குகிறது. பந்தய நாளில் பலர் உறைக்குப் பதில் மிளகாயின் காரச்சத்து கலந்த சூட்டுக் களிம்பைத் தடவுகிறார்கள். அது தோலில் எரிச்சலைத்தான் உண்டாக்குகிறது, தசையைச் சூடாக்குவதில்லை. அதிலுள்ள கொழுப்பு நீரை ஓரளவு விலக்கும் என்பதே அதன் உண்மையான பயன். அதைத் தடவுவதானால் காற்சட்டையை அணிந்த பிறகே தடவுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

கையுறைக்கு வருவோம். உலர்குளிருக்குக் காற்றுத் தடுப்புக் கையுறை. மழைக்கு நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன கையுறை. நியோபிரீன் நீரை உள்ளே விடும், ஆனால் உள்ளே வந்த நீரை உடல் சூட்டில் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். எதுவாயினும் இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணிப்பதும் இதே காரணத்தால் தவறு; ஒரே காலுறையும் காலணிக்கு மேல் உறையும் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் மாற்றுக் கையுறை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, முதுகோடு ஒட்டிய நடுப் பையில் வையுங்கள். உடல் சூட்டிலேயே அது இதமாகியிருக்கும். நனைந்த விரல்களை உதறி, அந்த உலர்ந்த துணிக்குள் நுழைக்கும் கணத்தில் பயிற்சியின் மீதிப் பாதி உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்புள்ள மெல்லிய தொப்பி கண்ணில் மழை விழாமல் காக்கும். கண்ணாடிக்கு நிறமற்ற வில்லைகளே ஏற்றவை.

5. வண்டி

28 முதல் 32 மி.மீ. அகலமுள்ள டயர்கள் இந்தச் சாலைகளுக்குப் பொருத்தமானவை. ஈரச் சாலையில் வழக்கத்தை விட 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காற்றழுத்தத்தைக் குறையுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 20 டிகிரி சூடுள்ள வீட்டுக்குள் 5 பார் நிரப்பிய டயர், 5 டிகிரிக் குளிரில் தானாகவே ஏறக்குறைய 4.7 பாருக்கு இறங்கிவிடும். உள்ளேயே வேண்டுமென்று குறைத்துவிட்டு வெளியே போனால், இரட்டிப்பாகக் குறைந்த அழுத்தத்தோடு கருங்கற்களில் ரிம் அடிபடும். எனவே வண்டியைப் பதினைந்து நிமிடம் வெளியே நிறுத்திவிட்டு அதன்பின் அழுத்தத்தைப் பாருங்கள். மிதிக்கும் ஆற்றலை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டரின் பூச்சிய அளவையும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகே சரிசெய்யுங்கள்; வெப்பநிலை மாற்றம் அதன் அளவீட்டைத் தவறச் செய்யும்.

சங்கிலிக்கு ஈரக்காலத்துக்குரிய எண்ணெய். மண்ணும் நீரும் கலந்து டிஸ்க் பிரேக் பேடுகளை வேகமாகத் தேய்க்கும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை அவற்றின் தடிப்பைப் பாருங்கள். குழுவாகப் பயிற்சி செய்கையில் பின்சக்கரத்துக்கு மட்கார்டு மாட்டுவது, உங்கள் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

6. பயிற்சியின் நடை

குளிர்ந்த தசை முழு ஆற்றலைத் தராது, எளிதில் காயமும் படும். கோடையில் பத்து நிமிடம் போதுமான உடல்சூட்டுப் பயிற்சிக்கு இப்போது இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்கள் ஒதுக்குங்கள். வியர்க்கும் அளவுக்குப் போகாமல், மேலங்கியை அணிந்தபடியே படிப்படியாக ஏற்றி, கடைசியில் முப்பது வினாடி வேகங்கள் மூன்று செய்யுங்கள். பந்தய நாளிலும் இதுவே. தொடக்கக் கோட்டில் நிற்கும்போது மேலங்கியைக் கடைசி நிமிடம்வரை கழற்றாதீர்கள்.

தீவிரத்தை வாட் கணக்கில் பாருங்கள். குளிரில் அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு வழக்கத்தை விடக் குறைவாகக் காட்டக்கூடும்; அதை நம்பித் துரத்தினால் அளவு மீறிவிடுவீர்கள். முயற்சிகளுக்கு இடையிலான ஓய்வைக் குறுக்குங்கள், அல்லது ஓய்வின் போதும் மிதமாக மிதித்துக்கொண்டே இருங்கள். இறக்கத்தில் உருண்டு ஓய்வெடுப்பது குளிரில் உடலை நொடியில் குளிர்வித்துவிடும். ஆகவே ஏற்ற முயற்சிகளை ஓடே குவாரமோன்ட் போன்ற நீண்ட, மிதமான ஏற்றத்தில் செய்யுங்கள், அது 2.2 கி.மீ. நீளம், சராசரி 4 சதவீதச் சரிவு. 600 மீட்டரில் 22 சதவீதம்வரை எழும் கோப்பன்பெர்க்கை ஈரத்தில் ஆற்றல் பயிற்சிக்குப் பயன்படுத்தாதீர்கள். அது பிடிமானத்தைக் கற்பிக்கும் இடம்: இருக்கையிலேயே அமர்ந்து, எடையைப் பின்சக்கரத்தின் மேல் வைத்து, மிதியை வட்டமாகச் சுழற்ற வேண்டும். எழுந்து நின்றால் பின்சக்கரம் வழுக்கும். 2024 டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் ஈரமான கோப்பன்பெர்க்கில் உலகின் தலைசிறந்த வீரர்கள் பலர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். மிதித்தே ஏறிய மாத்தியூ வான் டெர் போல் அங்கிருந்து தனியாகச் சென்று வென்றார்.

மூச்சு இழுப்போ விசிலொலியோ தொடர்ந்து வந்தால் மருத்துவரைப் பாருங்கள். குளிர்ந்த காற்று சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும். பரிந்துரைக்கப்படும் மருந்து ஊக்கமருந்துத் தடை விதிகளுக்குள் அடங்குகிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

7. உண்பதும் குடிப்பதும்

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வியர்வையும் வெளிமூச்சும் நீரை எடுத்துக்கொண்டே இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்று கணக்கு வைத்துக் குடியுங்கள். சூடு காக்கும் குடுவையில் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான தேநீர் கொண்டுபோவது சிறந்தது. மாவுச்சத்து மணிக்கு 60 முதல் 90 கிராம். நடுங்கும் உடல் அந்த இருப்பையே எரிப்பதால், கோடையில் உண்டதை விடக் குறைக்க வேண்டாம்.

குளிரில் எனர்ஜி பார்கள் கல்லாகிவிடும். மென்மையாக வேகவைத்த அரிசியில் சர்க்கரை சேர்த்து, அழுத்தி, சதுரமாக வெட்டி, அலுமினியத் தாளில் சுற்றிய சோற்றுக் கட்டிகளைத் தொழில்முறை அணிகளே பயன்படுத்துகின்றன. நம் பாட்டிமார் பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றின் உறவு என்று அதைச் சொல்லலாம். தாளின் ஒரு முனையை வீட்டிலேயே தளர்த்தி வையுங்கள். ஜெல் எனப்படும் கூழ் உணவின் உறைகளது மூலையையும் வீட்டிலேயே சற்றுக் கிழித்து வையுங்கள். ஒரு மார்ச் மாதம், மூன்று மணி நேர மழைக்குப் பிறகு, ஜெல் உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க முயன்று, பாதியைக் கன்னத்தில் பூசிக்கொண்டேன். வீடு வந்து சேர்ந்தபோது சாவியை விரலால் திருப்ப முடியாமல், இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே அதைப் பிடித்து முழு உடலையும் திருப்பித்தான் கதவைத் திறந்தேன். அன்று உணவுப் பையில் நான்கு கட்டிகள் பிரிக்கப்படாமலே இருந்தன.

8. காற்றிலும் ஈரத்திலும் ஓட்டும் திறன்

பக்கக்காற்றில் வீரர்கள் சாலையின் குறுக்கே விசிறிபோல் சாய்வாக அணிவகுப்பார்கள். இங்கே அதற்கு ‘வாயர்’ என்று பெயர். சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் தருமோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. மற்றவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையில் தொங்கி, காற்றை முழுதும் வாங்கிக் களைத்துப் பிரிவார்கள். ஐந்தாறு நண்பர்களோடு திறந்த வயல்வெளிச் சாலையில் இதைப் பழகுங்கள். காற்று மறைவான பக்கத்திலிருந்து முன்னே வந்து, சற்றே இழுத்து, காற்று வரும் பக்கமாகப் பின்வாங்கும் அந்தச் சுழற்சியில் யாரும் திடீரென்று வேகத்தைக் கூட்டக் கூடாது. 2015 கென்ட்–வெவெல்ஹெம் பந்தயத்தில் காற்று வீரர்களைச் சாலையை விட்டே தூக்கி எறிந்தது. 39 பேர் மட்டுமே முடித்தார்கள். பலத்த காற்று நாளில் முன்சக்கரத்துக்கு உயரமான ரிம் வேண்டாம்.

ஈரத்தில் வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், வயல் வண்டிகள் விட்டுச்செல்லும் சேறு, கென்ட் நகரின் டிராம் தண்டவாளங்கள் ஆகியவை வழுக்கும். தண்டவாளத்தை முடிந்தவரை செங்கோணத்தில் கடந்து செல்லுங்கள். அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திரும்பாதீர்கள்.

9. நிறுத்த வேண்டிய நேரம்

நடுக்கம் எச்சரிக்கை. அடக்க முடியாத நடுக்கம், பேச்சுக் குழறல், எளிய கேள்விக்கும் பதில் சொல்லத் தடுமாற்றம் ஆகியவை உடலின் மைய வெப்பநிலை 35 டிகிரியை நோக்கி இறங்குவதற்கான அடையாளங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம், குளிர் குறையாமலேயே நின்றுபோனால் அது அபாயம். அவரைத் தனியே விடாமல் உடனே சூடான இடத்துக்கு அழைத்துச் சென்று அவசர உதவியை நாடுங்கள். 2013 மிலான்–சான் ரெமோவில் பனியால் பந்தயத்தையே நடுவில் நிறுத்தி, வீரர்களைப் பேருந்துகளில் ஏற்றிக் கணவாயைக் கடக்க வைத்து மீண்டும் தொடங்கினார்கள். தொழில்முறைப் பந்தயமே நிற்கும்போது, செவ்வாய்க்கிழமைப் பயிற்சியைப் பாதியில் நிறுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. திரும்ப அழைத்துவர யாரைக் கூப்பிடுவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்திருங்கள்.

10. வீடு திரும்பிய பின்

ஓட்டம் நின்ற பிறகும் உடல் வெப்பநிலை சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். வண்டியைக் கழுவுவதோ கைப்பேசியைப் பார்ப்பதோ பிறகு ஆகட்டும். முதலில் நனைந்த உடையை முற்றிலும் கழற்றித் துடைத்து, உலர்ந்ததை அணிந்து, சூடாக ஏதேனும் குடியுங்கள். விறைத்த விரல்களைக் கொதிநீரில் வைக்காதீர்கள். சூடு உணரப்படாமலே தோல் வெந்துவிடும். வெதுவெதுப்பான நீர் போதும். அரை மணி நேரத்துக்குள் சோறும் புரதமும் சேர்ந்த உணவு. காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தாளை மாற்றுங்கள், காலைக்குள் உலர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு குறிப்பேடு. வாட், தூரம், நேரம் ஆகியவற்றைக் கருவி பதிந்துவிடும். அது பதியாதவற்றை நீங்கள் எழுதுங்கள். என் ஏட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘6 டிகிரி, வடகிழக்குக் காற்று, இரண்டாம் மணி நேரத்தில் சாரல். மெரினோ, ஜெர்சி, மேலங்கி, நியோபிரீன். 1 மணி 50 நிமிடத்தில் இடது சுண்டுவிரல் தொட முடியவில்லை. மேலங்கியை அதற்கு இருபது நிமிடம் முன்பே போட்டிருக்க வேண்டும். கையுறை மாற்றினேன், இரண்டு கட்டி உண்டேன், 2 மணி 15 நிமிடத்தில் தொட முடிந்தது.’